இந்திரன் கேட்ட கேள்வி

அத்வைதம் என்னும் சொல் ஒரு காலத்தில் குருவின் காலடியில் பல்லாண்டு பயின்றோர் நாவில் மட்டுமே பெரிதும் வழங்கிற்று. இன்று அது கைப்பேசித் திரையிலேயே கிடைக்கிறது. உயர்ந்த பொருள் பலரையும் எட்டுவது நன்றே. ஆயினும் பொருள் வந்து சேருமுன் அதன் பாவனை வந்து சேர்ந்துவிடுவதுதான் கவலைக்குரியது.

அப்பாவனைக்குச் சில அடையாளங்கள் உண்டு. "எனக்குப் பசிக்கிறது" என்னாமல், "இந்த உடலில் பசி தோன்றுகிறது" என்பர். கேட்ட கேள்விக்கு விடை கூறுமுன் கண்ணிமையாது நெடுநேரம் நோக்குவர். கோயிலுக்குச் செல்லும் தாயைப் பார்த்து, "இன்னும் கல்லைத்தான் கும்பிடுகிறாயா?" என்று இரக்கத்தோடு புன்னகை செய்வர். 1990களில் லக்னோவில் பூன்ஜாஜியைக் கண்டு திரும்பிய மேனாட்டார் பலர் தத்தம் நாடுகளில் குருமாராக அமர்ந்தனர். அவ்வழியே நம் சொற்கள் கடல் கடந்து சென்று, புதிய நடையுடை பாவனையோடு மீண்டும் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தன. வருவோரில் மெய்யாகத் தேடுவோர் பலர். வேடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோரும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு?

ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்ஸர் சொன்ன கதையொன்று அதற்கு வழிகாட்டும். அந்தணர் ஒருவர் அரும்பாடுபட்டு அழகிய தோட்டம் ஒன்றை வளர்த்தார். ஒருநாள் பசுவொன்று உள்ளே புகுந்து செடியை மேய்ந்தது. சினங்கொண்டு அவர் அடித்த அடியில் பசு மாண்டது. கோஹத்திப் பாவம் நெருங்கியபோது அவர் வேதாந்தத்தைத் துணைக்கழைத்தார். "கைக்கு அதிதேவதை இந்திரன். ஆதலின் கொன்றவன் இந்திரனே, யானல்லேன்" என்றார். செய்தியறிந்த இந்திரன் முதிய அந்தணர் வேடத்தில் தோட்டத்திற்கு வந்தான். "ஆகா, எத்துணை அழகு! இம்மரங்களை நட்டவர் யாரோ?" என வினவினான். "யானே நட்டேன்." "இப்பாதைகளை அமைத்தவர்?" "அதுவும் யானே." "நல்லது. தோட்டம் போட்டது நீர். பசுவைக் கொன்றது மட்டும் இந்திரனா?" என்றான் தேவர்கோன்.

இக்கேள்வி இன்றும் பழுதுபடாமல் நிற்கிறது. கொடுத்த வாக்குத் தவறும்போதும், சுடுசொல்லால் பிறர் மனம் புண்படும்போதும், "செய்பவன் என்று எவனும் இல்லை, எல்லாம் தானாக நிகழ்கிறது" என்பவர், பாராட்டும் காணிக்கையும் வரும்போது அவற்றைப் பெற்றுக்கொள்ள ஒருவராக முன்னிற்கிறார். பழி வரும் வாயிலில் "நான்" இல்லை. புகழ் வரும் வாயிலில் மட்டும் உண்டு. இஃது அகந்தை அழிந்த நிலையன்று. அகந்தை ஒளிந்துகொள்ள நல்லதோர் இடம் கண்டுபிடித்த நிலை.

இவ்வபாயத்தை முன்னோர் அறிந்தே இருந்தனர். ஆதலால்தான் ஆதிசங்கரர் பிரம்ம விசாரத்திற்கு முன்பாகவே நான்கு தகுதிகளை வைத்தார்: நிலையானதையும் நிலையற்றதையும் பகுத்தறியும் விவேகம், பற்றின்மை, சமம் தமம் முதலிய ஆறு நற்குணங்கள், விடுதலை வேட்கை. பொறுமையும் புலனடக்கமும் இல்லாதவர்க்கு "நீயே அது" என்று சொல்லிக்கொடுப்பது, சமையாத அரிசியை இலையில் பரிமாறுவதை ஒக்கும்.

அத்வைதத்தை உள்ளத்து உணர்வில் கொள்ளலாம், செயலில் காட்டலாகாது, குருவிடத்தும் அது கூடாது என்னும் கருத்துடைய சுலோகம் ஒன்று சங்கரர் பெயரால் வழங்கும் தத்வோபதேசத்தில் உளது. பகவான் ரமணர் அதைத் தமிழ் வெண்பாவாக்கி உள்ளது நாற்பது அனுபந்தத்தில் சேர்த்தார். கற்றும் தன் மூலத்தை நாடாதவரை ஒலியைப் பதிந்து ஒப்பிக்கும் இயந்திரத்திற்கு நிகராக வைக்கும் பாடலும் அவ்வனுபந்தத்திலேயே இடம்பெற்றுள்ளது. இக்காலப் பாவனைகளுக்கு மருந்து முன்னமே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

பாவனை பிறரை நோகச் செய்யும் இடம் ஒன்றுண்டு. கணவனையோ பிள்ளையையோ இழந்து பத்து நாளும் கழியாத ஒருத்தியிடம் சென்று, "பிறந்தவரும் இல்லை, இறந்தவரும் இல்லை, எதற்கு அழுகிறாய்?" என்பர் சிலர். சொல் சாத்திரத்தில் உள்ளதே. ஆனால் அவ்விடத்தில் அது ஞானமன்று. பிறர் துயரின் அருகே அமர மனமில்லாதவன் தேடிய சாக்கு.

மரணமில்லாத ஒன்றைப் பதினாறு வயதிலேயே மதுரையில் கண்டுகொண்டவர் ரமணர். அவருடைய அன்னை அழகம்மையார் 1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் உடல் நீத்தார். அன்று பகவான் இறப்பு பொய் என்று சொற்பொழிவு செய்யவில்லை. தாயின் அருகில் அமர்ந்து, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்து, உயிர் ஒடுங்கும்வரை மணிக்கணக்கில் அப்படியே இருந்தார். அந்தச் சமாதியின்மேல் மாத்ருபூதேசுவரர் ஆலயம் எழுந்தது. 1949ஆம் ஆண்டு அதன் குடமுழுக்கு அவர் முன்னிலையிலேயே நடந்தது. விடியுமுன் சமையலறையில் காய் நறுக்கியவரும், பெரிய புராணத்து அடியார் வரலாறுகளைப் படிக்கையில் கண்ணீர் பெருக்கியவரும் அவரே. ஒருமையை உணர்ந்தமையால் கோயிலும் கடமையும் கண்ணீரும் அவருக்குக் குறைவாகிவிடவில்லை.

ஆகவே வீட்டில் ஒருவர் வேதாந்தம் பேசத் தொடங்கினால் பெரியோர் அஞ்சவும் வேண்டா, மயங்கவும் வேண்டா. அவர் பேச்சை அளப்பதைவிட, தாம் செய்த பிழையைத் தம்முடையது என ஒப்புகிறாரா, நோயுற்றோர் அருகே பொறுமையாக அமர்கிறாரா, விளக்கேற்றும் தாயின் பக்தியை மதிக்கிறாரா என்று காண்க. இம்மூன்றும் இருப்பின் அவர் சொல்லாவிட்டாலும் அத்வைதம் அங்கே வேரூன்றுகிறது. இல்லையெனின், அன்றாடம் ஒரு தீபமேற்றி, "பிழை பொறுப்பாய்" என்று கைகூப்பும் எளிய அடியவரே அவரினும் அந்நிலைக்கு அணுக்கமானவர்.