ஒலியிடம் தோற்ற ஒளி

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். அதோடு நின்றாரா? இல்லை. கல்லாமையைக் கடிந்து ஓர் அதிகாரம் பாடிவிட்டு, அதற்கு அடுத்த அதிகாரத்தைக் கேள்விக்கென்றே ஒதுக்கினார். கண்ணால் கற்பது போலவே காதால் கற்பதும் கல்வியே என்று கண்டவர்கள் நம் முன்னோர். வில்லுப்பாட்டும் கதாகாலட்சேபமும் தழைத்த மண் நம் மண். அந்தக் காதுக்கு இன்று புதிய விருந்து ஒன்று கிடைத்திருக்கிறது. அதுதான் ஒலிநூல். ஒருவர் ஒரு நூலை முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரை படித்துப் பதிவு செய்து வைக்கிறார். நாம் கைப்பேசியில் கேட்கிறோம்.

பிழைப்பை நாடித் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, சாலைக் கம்போளத்தில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. எனக்கு வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், இயற்பியல் வகுப்பில் ஆங்கிலம். கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறிக் காரியவட்டம் வந்து இறங்கும் வரை என் காதுக்குத் துணை ஒலிநூல்தான். அதிலும் விஞ்ஞானக் கதை என்றால் இறங்க வேண்டிய இடத்தையும் மறந்துவிடுவேன். அப்படிக் கேட்டுக் கேட்டு, கதை படிப்பவர்களைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உருவாகியிருக்கின்றன. அவற்றைச் சொல்லத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி.

வரலாறு பயிலும் தமிழ் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பிறவியிலேயே பார்வையற்றவர். ஒருநாள் மாலை, அவர் தங்கியிருக்கும் விடுதியின் மாடிப்படியில் அமர்ந்து, இயர்போனின் ஒரு முனையை அவர் காதிலும் மறுமுனையை என் காதிலும் வைத்துக்கொண்டு, தமிழில் ஒரு விஞ்ஞானக் கதை கேட்டோம். படித்தவர் நல்ல குரலுக்கு உரியவர். ஏற்றமும் இறக்கமும் அழகாக அமைந்திருந்தன. கதையின் நடுவே ஒளியின் வேகம் வந்தது. "நொடிக்கு மூன்று பெருக்கல் நூற்றெட்டு மீட்டர்" என்று கம்பீரமாகப் படித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நண்பர் சிரிக்கவில்லை. "ஏன் சிரிக்கிறாய்?" என்று கேட்டார்.

காரணம் சொன்னேன். நூலில் இருந்திருக்கக்கூடியது 108 அன்று. 10-இன் தலைமேல் சிறியதாய் அமர்ந்த 8. பத்தை எட்டு முறை பெருக்கினால் வரும் தொகை அது. அதாவது பத்துக் கோடி. ஆகவே ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ முப்பது கோடி மீட்டர். அந்த எட்டு கீழே இறங்கி நூற்றெட்டு ஆகிவிட்டால் கணக்கு 324 மீட்டரில் முடிந்துவிடும். காற்றில் ஒலியின் வேகமே நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். அந்தப் படிப்பாளரின் உலகில் ஒளி, ஒலியிடம் தோற்றுவிட்டது! இடி முழங்கிய பிறகுதான் அங்கே மின்னல் தெரியும்!

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். நீ சிரிக்காமல் இருந்திருந்தால் வாழ்நாள் முழுதும் நம்பியிருப்பேன்."

என் சிரிப்பு அதோடு நின்றது. எனக்கு நகைச்சுவையாய்ப் பட்ட பிழை அவருக்குப் பொய்ப் பாடமாகிவிட்டது. ஐயம் எழுந்தால் நான் நூலைப் புரட்டிப் பார்த்துக்கொள்வேன். அவருக்கோ அந்தக் குரல்தான் நூல்.

ஒலிநூல் பிறந்ததே அவரைப் போன்றவர்களுக்காக என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இங்கிலாந்தில் 1935-இல் பார்வையற்றோருக்கெனப் பேசும் நூல்கள் இசைத்தட்டுகளில் வெளிவந்தன. முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களை மனத்தில் கொண்டு எழுந்த முயற்சி அது. முதலில் வந்த நூல்களில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதையும் ஜோசப் கான்ராடின் கடற்கதையும் இருந்தன. கண்ணுடைய நாம் பிற்பாடு வந்து பந்தியில் அமர்ந்தவர்கள். விருந்து யாருக்காகச் சமைக்கப்பட்டதோ, அவர் இலையில் கல் விழலாமா?

எல்லாக் கதைக்கும் படிப்பவர் வேண்டும். ஆனால் விஞ்ஞானக் கதைக்கு அவர் இன்றியமையாதவர். ஏன்? சமூக நாவலில் அடுக்களை என்று ஒரு சொல் வந்தால் போதும். நம் வீட்டு அடுப்பும் அம்மாவின் வளையல் ஓசையும் நமக்குத் தாமே தோன்றும். செவ்வாய்க் கோளின் மாலைப்பொழுதை நம்மில் யார் கண்டோம்? வேற்றுலக உயிரின் பேச்சை யார் கேட்டோம்? அங்கே நம் நினைவு கைகொடுக்காது. படிப்பவர் குரல் ஒன்றுதான் வழிகாட்டி.

மேலைநாட்டார் இதை எப்படிச் செய்தனர் என்று பாருங்கள். 1938 அக்டோபர் 30 அன்று, எச். ஜி. வெல்ஸ் எழுதிய செவ்வாய்வாசிகளின் படையெடுப்பை ஆர்சன் வெல்ஸ் அமெரிக்க வானொலியில் நாடகமாக்கினார். கதையைச் செய்தி அறிக்கைபோலச் சொல்ல வைத்தார். கேட்டவர்களில் சிலர் உண்மை என்றே நம்பிக் கலங்கினர். நாடே அலறி ஓடியது என்று மறுநாள் செய்தித்தாள்கள் எழுதியது மிகை என்பர் பின்னாளில் ஆராய்ந்தோர். எனினும் பாடம் ஒன்று உண்டு. நம்ப முடியாததை நம்ப வைத்தது அலறல் அன்று. செய்தி படிப்பவரின் அமைதியான குரல்.

2021-இல் ஆண்டி வீர் எழுதிய 'புராஜெக்ட் ஹெயில் மேரி' வெளிவந்தது. ஒலிநூலில் அதைப் படித்தவர் ரே போர்ட்டர். அக்கதையில் வரும் வேற்றுலக உயிர் சொற்களால் பேசுவதில்லை; பல சுரங்கள் சேர்ந்த இசையாய்ப் பேசுகிறது. அச்சில் இசைக்குறிகளை மட்டுமே காண்கிறோம். ஒலிநூலில் அந்த இசையே காதில் விழுகிறது. கண்ணால் படித்தவனைக் காட்டிலும் காதால் கேட்டவன் பேறு பெற்றவன் என்று சொல்லத்தக்க நூல் அது.

நம் தமிழுக்கு வருவோம். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராய்ப் பணியாற்றிய சுஜாதா, 1980-களில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். அதில் ஜீனோ என்றொரு இயந்திர நாய் வரும். புத்தகம் படிக்கும், வாதம் செய்யும், மனிதரைவிட நயமாகப் பேசும். ஜீனோவை எப்படிப் படிக்க வேண்டும்? இயந்திரம்தானே என்று தகரத்தைத் தட்டுவதுபோல் குரலை மாற்றிப் படிப்பது எளிது. அப்படிப் படித்தால் கதையின் உயிர் போய்விடும் என்பேன். இயந்திரம் ஒன்று மனிதத் தன்மை பெறுவதல்லவா அங்கே வியப்பு! ஜீனோவுக்கு வேண்டியது இயல்பான, கொஞ்சம் குறும்பான குரல்.

பல குரல்கள் சேர்ந்து நடிப்பதே சிறப்பு என்று வாதிடும் நண்பர்கள் உளர். 'பொன்னியின் செல்வ'னைப் பல குரல்களில் ஒலிவடிவமாக்கித் தந்தார் பாம்பே கண்ணன். சரித்திரக் கதைக்கு அது பொருந்தும். அங்கே அரசவை உண்டு, சூழ்ச்சி உண்டு, போர் முரசு உண்டு. விஞ்ஞானக் கதையோ பாதி கதை, பாதி விளக்கம். விளக்கத்துக்கு ஓர் ஆசிரியரின் குரல் போதும். பின்னணி இசையைக் கொட்டி, பெண்கள் பேச்சைக் கீச்சுக்குரலாக்கி, மூன்று தெரு கடந்தும் கேட்கும்படி முழங்குவதால் விளக்கம் விளங்கிவிடாது.

தமிழில் படிப்பவருக்கு இன்னோர் இடரும் உண்டு. காமா கதிர், பீட்டா துகள் என்று அச்சில் பார்க்கிறார். முதல் எழுத்தைக் 'கல்' என்பதில் உள்ள ககரமாய் ஒலிப்பதா, 'தங்கம்' என்பதில் உள்ள ககரமாய் ஒலிப்பதா? 'பல்' என்பதன் பகரமா, 'கம்பம்' என்பதன் பகரமா? மலையாளத் தோழர்களுக்கு நான்கு ககரமும் நான்கு பகரமும் உண்டு. எழுத்தே ஒலியைச் சொல்லிவிடும். இது தமிழின் குறையன்று. நம் சொற்களில் எழுத்து நிற்கும் இடமே ஒலியை முடிவு செய்துவிடும். வந்தேறிய சொல்லுக்கு அந்த ஒழுங்கு தெரியாது. ஆகவே பொருள் அறிந்தவரே அதைச் சரியாக ஒலிக்க முடியும். நல்ல குரல் மட்டும் போதாது, பொருளறிவும் வேண்டும்.

இந்தக் கேரள மண்ணில் அதற்குச் சான்று இருக்கிறது. கதாப்பிரசங்கக் கலைஞர் சாம்பசிவன் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவையும் டால்ஸ்டாயின் கதைகளையும் திருவிழா மேடைகளில் தனி ஒருவராய் நின்று சொன்னார். எழுத்தறியாதவரும் விடிய விடியக் கேட்டனர். அவர் முதலில் கதையைத் தாம் உணர்ந்தார். பிறகுதான் ஊருக்குச் சொன்னார்.

இப்படியெல்லாம் அடுக்கும் நான் யோக்கியனா? அதையும் சொல்லிவிடுகிறேன். நூற்றெட்டைக் கேட்டுச் சிரித்த அன்று, நண்பர், "அப்படியானால் நீயே எனக்குப் படியேன்" என்றார். மறுநாள் ஒரு விஞ்ஞானக் கதைத் தொகுப்போடு போனேன். மூன்றாம் பக்கத்தில் 10-இன் தலைமேல் கழித்தல் 9 வந்தது. என் வாயில் வந்தது ஆங்கிலம். "தமிழில் சொல்" என்றார். விழித்தேன். "நூறு கோடியில் ஒரு பங்கு" என்று சொல்ல எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. ஐந்தாண்டுகளாய் இயற்பியல் படிக்கிறேன். அதை என் தாய்மொழியில் உரக்கச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. பிறர் பிழைக்குச் சிரித்த வாய் அன்று நாணி மூடிக்கொண்டது.

இனி மனிதர் எதற்கு, இயந்திரமே படித்துவிடுமே என்பார் சிலர். இயந்திரக் குரலை நான் பழிக்கமாட்டேன். என் நண்பர் பாடநூல்களில் பெரும்பகுதியைக் கற்பது அதன் உதவியால்தான். ஆனால் அதுவும் நாம் எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கிறது. தலைமேல் நிற்கும் எட்டை அதுவும் கீழே இறக்கிவிடக்கூடும். அருகில் இருந்து "அது நூற்றெட்டு அன்று" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் நாமாக ஏன் இருக்கக்கூடாது?

நண்பர்களே! நம் மன்றத்தில் தமிழ் இலக்கியம் பயில்வோரும் இருக்கிறார்கள். விஞ்ஞானம் பயில்வோரும் இருக்கிறார்கள். முன்னவரிடம் உச்சரிப்பு இருக்கிறது. பின்னவரிடம் பொருள் இருக்கிறது. இருவர் இருவராய் அமர்வோம். வாரம் ஒரு மணி நேரம் போதும். ஒருவர் படிக்கட்டும், மற்றவர் சரிபார்க்கட்டும். பதிவானதைப் பார்வையற்ற மாணவர்களுக்குக் கொடுப்போம். அவர்களுக்கென நூல்களை ஒலிவடிவாக்க 2012-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தமே இடம் தந்திருக்கிறது. சட்டம் வழிவிட்டும் நாம் சும்மா இருக்கலாமா?

நம் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து சில கல் தொலைவில் இருக்கிறது தும்பா. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்துதான் இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் எழுந்தது. கடற்கரைத் தேவாலயம் ஒன்றில் தொடங்கிய அந்தப் பணியில் இராமேசுவரத்துத் தமிழர் அப்துல் கலாமும் பங்கு கொண்டார். விண்ணுக்கு வழி திறந்த ஊரில் படிக்கும் நாம், விண்ணைப் பற்றிய ஒரு கதையைத் தமிழில் பிழையில்லாமல் படித்துக் காட்ட முடியாதா?

முடியும். என் நண்பர் மூன்றாம் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிறார். வாருங்கள், ஒளியை அதன் பழைய வேகத்திலேயே ஓடவிடுவோம்!