முதுகுவலியும் மூன்று மருந்துகளும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவர் முதுகு வலிக்கிறது என்றால் யார் கண்டுகொள்வார்கள்? தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போவார். மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயும் பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது.

வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1986லிருந்தே நடக்கிறது. ஆனால் வயதோ பணமோ பலருக்கு இடம் கொடுப்பதில்லை. உடனே சொந்தக்காரர்கள் "இனி ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறு!

மாற்று சிகிச்சைக்கு உடனே போகாதவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2017ல் வெளியானது. லெனலிடமைடு, டெக்சாமெதசோன் இரண்டும் நோயைச் சுமார் 30 மாதம் அடக்கின. போர்டிசோமிப் சேர்ந்ததும் 43 மாதம். (லெனலிடமைடு யார் தெரியுமா? குழந்தைகளின் கைகால்களைப் பறித்து 1961ல் விரட்டப்பட்ட தாலிடமைடின் தம்பி!) மாற்று சிகிச்சை இன்னும் நீண்ட காலம் அடக்குகிறது என்பது உண்மைதான். ஆனாலும் 2022ல் வெளியான ஒப்பீட்டில் ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

உண்மையான சிக்கல் வேறு. ஊசிக்காக ஆம்பூரிலிருந்து 50 கிலோமீட்டர் பஸ், ஒரு நாள் சம்பளம் போச்சு. வலி குறைந்ததும் நிறுத்திவிடத் தோன்றும். போர்டிசோமிப் தோலுக்கடியில் போடும் ஊசிதான். வேலூர் டாக்டர் சொல்லும் அளவில், ரத்தப் பரிசோதனையோடு, அதை ஆம்பூர் அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ள வழி செய்தால் பாதிப் பேர் சிகிச்சையை நடுவில் விடமாட்டார்கள்.