வாசலில் கைபேசி எண்ணைக் கேட்காதீர்கள்



மஃரிபுக்குப் பின் பள்ளிவாசலில் பயான் நடைபெறுகிறது. தெருவழியே செல்லும் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கடைசி வரிசையில் அமர்கிறார். அவருடைய கைபேசி எண்ணை எவரும் கேட்பதில்லை. அதே பயான் இணையத்திற்கு வந்துவிட்டால் மட்டும் எண், மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் ஏன் தேவைப்படுகின்றன?

இத்தவற்றை நாமும் செய்தோம். பெண்களுக்கான தஜ்வீத் வகுப்பை இணையவழியில் தொடங்கியபோது, எண்ணைப் பதிந்து குழுவில் சேர்ந்தோருக்கே அனுமதி என்றோம். சேர்ந்த மறுகணமே ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற அனைவரின் பார்வைக்கும் வந்தது. எப்படியோ அவ்வெண்கள் வெளியேயும் சென்றன. அறிமுகமற்ற அழைப்புகள் வரவே, சில சகோதரிகள் ஒன்றும் சொல்லாமல் விலகிவிட்டனர். குர்ஆன் ஓத வந்தவர்களை நாம் விதித்த விதியே திருப்பி அனுப்பியது.

வேறு வழி இல்லாமல் இல்லை. திறந்த மூல உரையாடல் செயலிகள் பலவற்றில் விருந்தினருக்கென்று வாசல் உண்டு. ஜிட்ஸி மீட்டில் இணைப்பைத் தொட்டு ஒரு பெயரை எழுதினால் போதும். மேட்ரிக்ஸில் விருந்தினரை அனுமதிப்பதா என்பதை ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே தீர்மானிக்கலாம். ராக்கெட்.சாட்டில் கணக்கில்லாதோரை வாசிக்க மட்டும் அனுமதிக்கலாம். ஆனால் மேட்ரிக்ஸுக்குப் பரவலாகப் பயன்படும் சினாப்ஸ் வழங்கியிலும், ராக்கெட்.சாட்டிலும் இவ்வாசல் பூட்டப்பட்ட நிலையிலேயே நம் கைக்கு வருகிறது. நிர்வாகிதான் திறக்க வேண்டும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மென்பொருளைக் குறை கூறுவது முறையன்று.

"பதிவு இல்லையெனில் விஷமிகள் நுழைவார்களே" என்பர். நியாயமான அச்சம்தான். ஜிட்ஸியின் பொதுத்தளமே தவறான பயன்பாடு பெருகியதால் 2023 ஆகஸ்டில் தன் விதியை மாற்றியது. எனினும், அறையைத் தொடங்குபவரிடம்தான் அது கணக்கைக் கேட்டது. அழைப்பை ஏற்று வரும் விருந்தினரிடம் கேட்கவில்லை. பொறுப்பு வீட்டுக்காரருடையது என்பதே அதன் பொருள்.

நமது மார்க்கம் கற்றுத்தரும் ஒழுக்கமும் இதற்கு இசைவானதே. பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் கூறவேண்டும். திரும்பிச் செல்லச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்று சூரத்துந் நூர் போதிக்கிறது. கதவைத் தட்டியவர் யாரென்று கேட்டதற்கு வெறுமனே "நான்" என்று பதிலளித்ததை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. ஆகவே விருந்தினர் பெயர் சொல்லட்டும்; காத்திருப்பு அறையில் நிற்கட்டும்; பொறுப்பாளர் பார்த்து உள்ளே விடட்டும். எழுதும் உரிமையை உறுப்பினருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் துருவுவதற்கு என்ன தேவை? துருவித் துருவி ஆராய்வதைச் சூரத்துல் ஹுஜுராத் தடுக்கவில்லையா?

சிறுவர் வகுப்புக்கும் சான்றிதழ் வகுப்புக்கும் பதிவு அவசியமே. பெற்றோர் யார், மாணவர் யார் என்று தெரிந்தாக வேண்டும். மேலும், விருந்தினராக வருவது முழுமையான மறைவும் அன்று. அவரது இணைய முகவரி வழங்கிக்குத் தெரியவே செய்யும். இதையும் மக்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! மத்ரஸாப் பொறுப்பாளர்களே! கேட்டு வாங்கிய ஒவ்வோர் எண்ணும் ஓர் அமானிதம். காக்க இயலாத அமானிதத்தை ஏன் கேட்டு வாங்குகிறீர்கள்? இன்றே உங்கள் செயலியின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். பொது பயானுக்கும் குர்ஆன் வகுப்புக்கும் விருந்தினர் வாசலைத் திறந்துவையுங்கள். விலகிச் சென்ற சகோதரிகள் அவ்வழியே திரும்பி வரக்கூடும், இன்ஷா அல்லாஹ்.