திரையை எங்கள் பக்கம் திருப்புங்கள்!



மலைக்குப் புதுத் தராசு வந்துவிட்டது. இதில் ஆடுகிற முள் இல்லை. கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டினால் எண் விழுகிறது. அந்த எண் கைபேசிக்குப் போகிறது. அங்கிருந்து காரியாலயத்துக் கணினிக்குப் போகிறது. மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் வந்து நிற்கிறது. "இனிமேல் கிலோவில் தகராறே வராது. மெசின் பொய் சொல்லாது" என்று பெரட்டில் சொல்லித்தான் இதைக் கொண்டுவந்தார்கள்.

மெசின் பொய் சொல்லாது என்பதை நாமும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அதற்குள் எந்தக் கணக்கைப் போடுவது என்று முடிவு செய்வது மெசின் அல்ல, மனிதன். அந்த மனிதன் நம் பக்கத்து ஆளும் அல்ல.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சகோதரி காலையில் 7.6 கிலோ நிறுக்கிறார். பகலில் 6.8. மாலையில் 5.7. கூட்டினால் 20.1 கிலோ. அன்றைய நோம் 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் அவருக்கு முழுப்பேர் விழ வேண்டும். ஆனால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டுப் பதிந்தால் 7, 6, 5 என்று 18 கிலோதான் வரும். அதற்கு மேல் சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு கிலோ கழித்தால் மிஞ்சுவது 15. பறித்தது 20, பதிந்தது 15. முழுப்பேர் அரைப்பேராகிவிட்டது. இதில் மெசின் எங்கே பொய் சொன்னது? சரியாக நிறுத்தது. சொல்லிக் கொடுத்தபடி கழித்தது. அவ்வளவுதான்!

கழித்த அந்த ஐந்து கிலோ காற்றில் கரைந்து போவதில்லை. மற்றக் கொழுந்தோடு லொறியில் ஏறி ஸ்டோருக்குத்தான் போகிறது. ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலைத் தூளாகும் என்பது ஸ்டோரில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஐம்பது பெண்கள் நிற்கிற மலையில் ஆளுக்கு ஐந்து கிலோ என்றால் ஒரு நாளைக்கு 250 கிலோ கொழுந்து. ஐம்பது கிலோவுக்கு மேல் தூள். பறித்தவளுக்குக் கூலி கொடுக்காமல் கிடைத்த தூள்.

கிலோ வெட்டுவது புதிதா என்று கேட்கலாம். புதிதல்ல. 1867இல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்கியதிலிருந்து இன்றுவரை முதலாளிகள் மாறிவிட்டார்கள். வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள். 1970களில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. தராசு மட்டும் எந்தக் காலத்திலும் நம் கைக்கு வரவில்லை.

ஆனால் பழைய தராசில் முள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. முள் எட்டில் நிற்க வாய் ஏழு என்றால், வரிசையில் நிற்கிற பத்துப் பேர் சத்தம் போட்டோம். தலைவரைக் கூப்பிட்டோம். மறுபடி நிறுக்க வைத்தோம். இப்போது திரை அந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது. கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது, நான் என்ன செய்ய?" என்கிறார் கணக்கப்பிள்ளை. காரியாலயத்தில் கேட்டால் கொழும்பில் கேட்கச் சொல்கிறார்கள். கொழும்பில் யாரைக் கேட்பது? முன்பு சண்டை பிடிக்க ஒரு முகமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கம்பனிக்குக் கிடைத்த உண்மையான இலாபம் இதுதான்.

விரல் அடையாள மெசினின் கதையும் இதேதான். தேயிலைக் கறை ஏறி, வெடித்து, கவ்வாத்துக் கத்தி பட்டுத் தழும்பேறிய விரல்கள் நம்முடையவை. மழையில் நனைந்த விரலை வைத்தால் மெசின் இல்லை என்கிறது. துடைத்துவிட்டு வைத்தாலும் இல்லை என்கிறது. பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போய்விடுகிறார்கள். விரல் பதியாதவர் நேரம் பிந்தியவராகிறார். முப்பது வருடம் இந்தத் தோட்டத்துக்கு உழைத்துத் தேய்ந்த விரலை இந்தத் தோட்டத்து மெசினுக்கே அடையாளம் தெரியவில்லை!

சிக்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2020இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, கைபேசியில் பாடம் கேட்கப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறி நின்றதை நாம் மறக்கவில்லை. அதே மலையில்தான் இன்று நம் சம்பளக் கணக்கு சிக்னலுக்குக் காத்து நிற்கிறது. மழை பிடித்தால் ஒரு கோளாறு, பெட்டரி இறங்கினால் இன்னொன்று. அப்போது 'நேற்றுப் பறித்த அளவு' என்று குத்துமதிப்பாக எழுதிக்கொள்கிறார்கள். கொழுந்து குறைந்த நாளின் கணக்கைக் கொழுந்து கூடிய நாளின் தலையில் கட்டினால் நட்டம் யாருக்கு?

இதையெல்லாம் பேசினால் தொழிற்சங்கம் முன்னேற்றத்துக்கு எதிரி என்கிறார்கள். இல்லை. நம் பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள். கொழும்பில் வேலை செய்கிற மகன் கைபேசியில் காசு அனுப்புகிறான். முதுகில் சாக்கைச் சுமந்து மேட்டில் ஏறுகிற பெண்ணின் பாரத்தை இறக்க ஒரு மெசின் வரட்டும், மாலை போட்டு வரவேற்கிறோம். ஆனால் சுமையை இறக்கும் மெசின் வரவில்லை. சுமையை நிறுக்கும் மெசின்தான் வந்திருக்கிறது. மலையில் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் கட்ட முடியாதவர்கள், ஒழுகும் லயத்துக் கூரைக்குத் தகரம் போடக் காசில்லை என்பவர்கள், நம் விரலையும் கிலோவையும் எண்ணுவதற்கு மட்டும் காசு தேடிக்கொண்டார்கள். எது முன்னேற்றம் என்று அவர்களே சொல்லட்டும்.

ஆகவே தராசைத் தூக்கி எறியச் சொல்லி நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது இவைதான்:

1. திரை கொழுந்து பறித்தவரின் பக்கமும் தெரிய வேண்டும்.

2. ஒவ்வொரு நிறுவைக்கும், புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணோடு, தமிழில் அந்த இடத்திலேயே துண்டு தர வேண்டும்.

3. வெற்றுச் சாக்கை நிறுத்து அதன் எடையை மட்டும் கழிக்க வேண்டும். மழை நாளில் தண்ணீருக்குக் கழிப்பதானால் தலைவர், தலைவி முன்னிலையில் பேசி முடிவு செய்து எழுத வேண்டும்.

4. தினமும் நிறுவை தொடங்குமுன் முத்திரை உள்ள படிக்கல்லை எல்லோரும் பார்க்க மாட்டிக் காட்ட வேண்டும். கடைக்காரரின் தராசைச் சோதிக்க 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும், அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களமும் இருக்கின்றன. அந்த உத்தியோகத்தர்கள் மலைக்கும் வரட்டும்.

5. மெசின் பழுதான நாளில் இரு தரப்பும் கையெழுத்திட்ட கணக்கே செல்ல வேண்டும். விரல் பதியவில்லை என்பதற்காகப் பெரட்டில் நின்றவரின் பேரை வெட்டக் கூடாது.

தாய்மார்களே, நிர்வாகம் தரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கொப்பி வாங்குங்கள். தினமும் மூன்று நிறுவையையும் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள். சம்பளத் துண்டு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கொப்பியைத் தோட்டக் கமிட்டிக்குக் கொண்டு வாருங்கள். ஒரு கொப்பியைக் காட்டினால் 'உனக்குக் கணக்குத் தெரியாது' என்பார்கள். ஒரு மலையின் ஐம்பது கொப்பிகளையும் மேசையில் வைத்தால் அப்படிச் சொல்ல முடியாது.

பறித்த கிலோ நம்முடையது. அதைக் கண்ணால் பார்க்கும் உரிமையும் நம்முடையது!