வாய் இருக்கிறது... வாதம் எங்கே?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும். நம் வீடுகளில் ஒரே விவாதம்தான். இஞ்சினியரிங்கா, பி.காமா, கம்ப்யூட்டரா, இல்லை பேசாமல் கடையில் உட்கார வைத்து விடலாமா?

இந்த நேரத்தில் ஒரு பிள்ளை எழுந்து, "நான் தொடர்பியல் படிக்கப் போகிறேன், பேச்சுக்கலையும் வாதமும் படிக்கப் போகிறேன்" என்று சொல்லட்டும். வீடே சிரிக்கும். "பேசுவதற்கு ஒரு படிப்பா? அதற்கு மூன்று வருடமா? உனக்கு இப்போதே வாய் அதிகம்!" என்று வாப்பா சொல்வார். அத்துடன் விவாதம் முடிந்தது!

வணிகப் பெருமக்களே, உங்களிடம் ஒரு கேள்வி. கணக்குப் போட உங்களுக்குத் தெரியாதா? மனக்கணக்கில் உங்களை மிஞ்ச ஆள் உண்டா? பிறகு ஏன் வருடா வருடம் ஆடிட்டரிடம் போகிறீர்கள்? கூட்டவும் கழிக்கவும் தெரிந்திருப்பது வேறு, கணக்கை ஒரு துறையாகக் கற்றிருப்பது வேறு என்பதால்தானே! பேச்சும் அப்படித்தான். வாய் எல்லோருக்கும் இருக்கிறது. வாதம் கற்றவர்க்கே வசப்படுகிறது.

நிலத்தகராறில் பிறந்த கலை

இந்தப் படிப்பு நேற்று முளைத்த நாகரிகம் அல்ல. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரில் கொடுங்கோலர் ஆட்சி ஒழிந்தது. பறிகொடுத்த நிலத்தைத் திரும்பப் பெற மக்கள் நீதிமன்றம் ஏறினார்கள். உரிமை இருந்தது; எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் கோராக்ஸ், டிசியாஸ் என்ற இருவர் வாதிடும் முறையை வகுத்துக் கற்பித்தார்கள் என்று பழைய வரலாறு கூறுகிறது. ஆக, இந்தக் கலை மேடையில் கைதட்டு வாங்கப் பிறக்கவில்லை. சொந்தச் சொத்தை மீட்கப் பிறந்தது!

பின்னர் வந்த அரிஸ்டாட்டில் இதைத் தனி நூலாகவே எழுதினார். கேட்பவர் மனம் மாறுவதற்கு மூன்று காரணங்களைச் சொன்னார். பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, பேச்சில் உள்ள தர்க்கம். இன்றைக்கும் உலகப் பல்கலைக்கழகங்களில் முதல் வருடப் பாடம் இதுதான். அந்த நூலை ஃபாராபியும் இப்னு ருஷ்தும் அரபியில் விளக்கினார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு டொலேடோவில் அது அரபியிலிருந்து இலத்தீனுக்குப் போனது. நம் அரபிக் கல்லூரிகளில் 'இல்முல் பலாகா' என்று ஒரு பாடமே இருக்கிறது. ஓதிய பிள்ளை அதைப் படிக்கலாமாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளை படித்தால் சிரிப்பாம்! என்ன நியாயம்?

தமிழ் மட்டும் சும்மா இருந்ததா? திருக்குறளில் அமைச்சியல் என்ற பகுதியைப் புரட்டிப் பாருங்கள். பத்து அதிகாரங்கள். அவற்றில் இரண்டாவது சொல்வன்மை. கடைசி இரண்டும் அவையறிதல், அவையஞ்சாமை. நாடாள உதவும் பத்துத் தகுதிகளில் மூன்று பேச்சைப் பற்றியவை! அவற்றை வள்ளுவர் வைத்த இடம் பொருட்பால் என்பதையும் வணிகர்கள் கவனிக்க வேண்டும்.

பணம் கொடுத்தது யார்?

"வியாபாரிக்கும் இந்தப் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சுக்கலைக்கென்று ஒரு பேராசிரியர் பதவி உண்டு. அதற்குப் பணம் எழுதி வைத்தவர் அரசர் அல்ல, பாதிரியாரும் அல்ல. நிக்கோலஸ் பாய்ல்ஸ்டன் என்ற பாஸ்டன் நகர வியாபாரி! 1771இல் இறந்த அவருடைய உயிலில் இருந்த பணம் அது. 1806இல் அந்தப் பதவியில் முதன்முதலாக அமர்ந்த ஜான் குவின்சி ஆடம்ஸ், 1825இல் அமெரிக்க ஜனாதிபதி ஆனார்.

இன்னொரு பாஸ்டன்காரர் எட்வர்ட் ஃபிலீன். பெரிய ஜவுளி அங்காடியின் முதலாளி. ஐரோப்பாவில் ஹிட்லரின் பிரச்சாரம் மக்களை மயக்கிக் கொண்டிருந்த 1937இல், பிரச்சாரத்தைப் பகுத்தாயும் நிறுவனம் ஒன்று நியூயார்க்கில் தொடங்க அவர் பணம் கொடுத்தார். மக்களை ஏமாற்றும் ஏழு தந்திரங்களை அந்த நிறுவனம் பட்டியல் போட்டு பள்ளிகளுக்கு அனுப்பியது. இழிபெயர் சூட்டுவது, வெற்று அலங்காரச் சொல் வீசுவது, சாதகமானதை மட்டும் அடுக்கிக் காட்டுவது, 'ஊரே இந்தப் பக்கம்' என்று இழுப்பது... இப்படி ஏழு. 1942இல் போர்ச் சூழலில் அது மூடப்பட்டது. ஆனால் அந்தப் பட்டியல் இன்றும் வகுப்பறைகளில் ஓதப்படுகிறது.

கல்லூரிக்குக் கொடுப்பது நம் வணிகர்களுக்குப் புதிதல்ல. 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியை எழுப்பியது வணிகர்களின் கொடைதானே! கொடுக்கும் கைக்குக் குறைவில்லை. எந்தப் படிப்புக்குக் கொடுப்பது என்பதில்தான் பார்வை குறுகிவிட்டது.

பொய் சொல்லும் கலையா?

சிலர் வேறு மாதிரி மடக்குவார்கள். "இது பொய்யை மெய்யாக்கும் வித்தை அல்லவா? நல்ல பிள்ளைக்கு எதற்கு?"

இந்தக் குற்றச்சாட்டு பிளேட்டோ காலத்துப் பழசு. அரிஸ்டாட்டில் அப்போதே பதில் சொல்லிவிட்டார். உடல் வலிமை, செல்வம், படைத்தலைமை எல்லாமே தவறானவன் கையில் தீமைதான்; அதற்காக அவற்றை யாரும் வேண்டாம் என்பதில்லை என்று.

1990 அக்டோபர் 10. வாஷிங்டனில் 15 வயதுப் பெண் ஒருத்தி கண்ணீரோடு சாட்சி சொன்னாள். பெயர் நய்யிரா. குவைத் மருத்துவமனையில் இராக் வீரர்கள் இன்குபேட்டரிலிருந்து பச்சைக் குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டார்கள் என்றாள். உலகமே பதறியது. ஜனாதிபதி புஷ் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 1991 ஜனவரி 12 அன்று அமெரிக்க செனட் 52க்கு 47 என்ற வாக்கில் போருக்கு அனுமதி கொடுத்தது.

1992 ஜனவரியில் உண்மை வெளியானது. அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள்! ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். குவைத் ஆக்கிரமிப்பு உண்மை. அங்கே கொடுமைகள் நடந்ததும் உண்மை. ஆனால் இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

வாதக்கலை படித்த ஒருவர் அன்றைக்கே என்ன கேட்டிருப்பார்? சாட்சி யார்? முழுப் பெயர் ஏன் இல்லை? சத்தியம் செய்து சொன்னாரா? அழைத்து வந்தது யார், அதற்குச் செலவு செய்தது யார்? நடந்தது ஒரு மனித உரிமை மன்றத்தின் கூட்டம். சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டிய அதிகாரபூர்வ நாடாளுமன்றக் குழு அல்ல. இந்த ஒரு விவரம் போதும், காது கூர்மையாவதற்கு! பொய்யர்கள் இந்தக் கலையைப் படித்துத் தேர்ந்து காத்திருக்கிறார்கள். நல்லவர்கள் மட்டும் படிக்காமல் இருப்பது புண்ணியமா, மடமையா?

நம் தெருவுக்கு வந்த சொல்

வாஷிங்டன் வேண்டாம். நம் மண்ணுக்கு வாருங்கள். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். மூட்டியது எது? வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி. நாடெங்கும் இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் தடை வைத்தது.

2020இல் கொரோனா வந்தது. டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் செய்தியோடு சேர்த்து நோய்க்கே ஒரு மதப் பெயர் சூட்டினார்கள். அதற்கு விலை கொடுத்தது யார்? பல ஊர்களில் தள்ளுவண்டியில் காய்கறியும் பழமும் விற்ற ஏழை வியாபாரி! பெயர் கேட்டு விரட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. ஊடகங்களில் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரச்சாரம் நடந்ததையும் சுட்டிக் காட்டியது. தீர்ப்பு வந்தது சரி. அதற்குள் அழுகிய பழத்துக்கு யார் காசு கொடுப்பது?

1937இன் பட்டியலில் முதல் தந்திரம் எது? இழிபெயர் சூட்டுவது! அதைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டவும், ஆதாரத்தோடு அன்றைக்கு அன்றே மறுக்கவும் நம்மிடம் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

முழக்கம் வேறு, வாதம் வேறு

"எங்களிடம் பேச்சாளர்கள் இல்லையா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். மைக் கிழியப் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு ஏற்கனவே நம் பக்கம் இருப்பவரைத்தான் உசுப்புகிறது. எதிர்ப்பக்கம் இருப்பவர் ஒருவரையாவது யோசிக்க வைக்கிறதா? தேதி உண்டா? ஆதாரம் உண்டா? எதிராளியின் வலுவான கேள்விக்குப் பதில் உண்டா?

1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் நடந்தது. காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் கூச்சல் போடவில்லை. நாட்டின் பழமையான மொழிதான் வேண்டும் என்றால் திராவிட மொழிகள்தான் பழமையானவை, அவற்றிலும் தமிழே முதன்மையானது என்று வாதாடினார். எதிராளியின் அளவுகோலையே வாங்கி அளந்து காட்டினார்! முழக்கத்துக்கும் வாதத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மேடைப் பேச்சால் வளர்ந்த ஓர் இயக்கம் 1967இல் ஆட்சியையே பிடித்த மாநிலம் இது. இங்கே பேச்சைப் படிப்பதற்குக் கூச்சமா?

கேமரா மட்டும் போதாது

இளைஞர்களே, உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை. விஸ்காம் என்றால் கேமராவும் சினிமாவும்தான் என்று எண்ணி ஓடாதீர்கள். விண்ணப்பம் வாங்குவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்குங்கள். வாதமும் விவாதமும் இருக்கிறதா? ஒரு பேச்சைப் பகுத்து ஆராயும் பாடம் உண்டா? ஊடகச் சட்டம், ஆய்வு முறை, புள்ளிவிவரம் உண்டா? எழுதப் பயிற்சி எவ்வளவு? பதில் திருப்தியாக இல்லை என்றால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.

1914இல் அமெரிக்காவில் 17 பேச்சுக்கலை ஆசிரியர்கள் ஆங்கில ஆசிரியர் சங்கத்திலிருந்து பிரிந்தார்கள். பேச்சு என்பது இலக்கியத்தின் வால் அல்ல, தனித் துறை என்று சொல்லித் தனிச் சங்கம் கண்டார்கள். அதுதான் இன்றைய தேசியத் தொடர்பியல் சங்கம். நம் நாட்டிலும் வாசல்கள் இருக்கின்றன. 1965இல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் டெல்லியில் இருக்கிறது. அதே டெல்லியில் ஜாமிஆ மில்லியா பல்கலைக்கழகம் 1982இல் மக்கள் தொடர்பியல் ஆய்வு மையத்தைத் தொடங்கியது. நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை உண்டு. சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் உண்டு.

"சோறு போடுமா?" நியாயமான கேள்வி. பட்டத்தை மட்டும் நீட்டினால் இந்தப் படிப்பு வேலை தராது. எந்தப் பட்டம்தான் தருகிறது? தமிழும் ஆங்கிலமும் தவறின்றி எழுத வராதவருக்கு இதில் இடமில்லை. உழைத்தவருக்குப் பத்திரிகை, தொலைக்காட்சி, விளம்பரம், நிறுவனங்களின் மக்கள் தொடர்பு, ஆசிரியப் பணி என்று வழிகள் உண்டு. இந்தப் பட்டத்தின் மேல் மூன்று வருடம் சட்டம் படித்தால் நீதிமன்றம் காத்திருக்கிறது. உங்கள் கடைக்கே திரும்பி வந்தாலும் நஷ்டமில்லை. வாடிக்கையாளரிடமும், வங்கியிடமும், வரி அதிகாரியிடமும் எழுத்திலும் பேச்சிலும் வழக்கை எடுத்து வைக்கத் தெரிந்த பிள்ளை கடைக்கு பலமா, பாரமா?

என்ன செய்யலாம்?

நான்கு பிள்ளைகளில் ஒருவர் ஆசைப்பட்டால் சிரிக்காமல் அனுப்புங்கள். பெண் பிள்ளை ஆசைப்பட்டாலும்தான். ஊருக்கு ஊர் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் உதவித்தொகை கொடுக்கும் சங்கங்கள், அந்தப் பட்டியலில் ஓரிடத்தைத் தொடர்பியலுக்கு ஒதுக்கட்டும். மாதம் ஒருமுறை தெருவில் விவாத அரங்கு நடக்கட்டும். அதில் ஒரே ஒரு நிபந்தனை: தன் கட்சியைப் பேசுவதற்கு முன், எதிர்க்கட்சியின் வாதத்தை எதிர்க்கட்சிக்காரரே தலையாட்டும்படி எடுத்துச் சொல்ல வேண்டும்.

சரக்கு வாங்கும்போது எடைக்கல்லைப் புரட்டிப் பார்க்கிறீர்கள். முத்திரை இருக்கிறதா என்று தேடுகிறீர்கள். தினமும் உங்கள் வீட்டுக்குள் கொட்டப்படும் சொற்களை மட்டும் எடை போடாமல் வாங்கலாமா? எடை போடத் தெரிந்த ஒரு தலைமுறை வேண்டும். வரும் கல்வியாண்டுக்கான விண்ணப்பத்தில் பாடப்பிரிவு என்ற கட்டத்தை நிரப்புவதற்கு முன் ஒரு நிமிடம் சிந்தியுங்கள்!