அறுபது லட்சத்தில் ஒருவர்: ஒரு யூதக் குடும்பத்தின் நினைவும் நம் வாசிப்பும்

போன மாதம் எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் 'மவுஸ்' என்ற படக்கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டோம். ஆர்ட் ஸ்பீகல்மேன் என்ற அமெரிக்க யூத ஓவியர் எழுதி வரைந்தது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்து உயிர் தப்பிய தன் அப்பா விளாடெக்கிடம் பல வருடம் பேசிப் பேசி, அதைப் படக்கதையாக்கினார். அதில் யூதர்கள் எலிகள், நாஜிகள் பூனைகள். முதல் பாகம் 1986இல் வந்தது, இரண்டாம் பாகம் 1991இல். 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லி வாசித்தோம்.

முதல் நாளே இரண்டு பேச்சு வந்தது. ஒரு மாணவர், "எங்க காலேஜ் பிரின்சிபாலும் ஒரு ஹிட்லர்தான் தோழர்" என்றார். எல்லோரும் சிரித்தோம், நாங்களும்தான். இன்னொருவர் கேட்டார்: "அறுபது லட்சம் யூதர்களைக் கொன்னாங்கன்னு ஸ்கூல்லயே படிச்சாச்சு. இதுல புதுசா என்ன இருக்கு?"

அன்றைக்கு எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. புத்தகத்தை முடித்த பிறகு சொல்ல முடிகிறது. அறுபது லட்சம் என்று சொல்லக் கற்றுக்கொண்டோம். அதில் ஒருவரை எப்படி நினைப்பது என்று நாம் கற்கவே இல்லை. அதைச் செய்தவர்கள் உயிர் பிழைத்தவர்களின் குடும்பங்கள். அவர்கள் செய்த விதத்தில் போராட்டக்காரர்களான நமக்குப் பாடம் இருக்கிறது.

தேதி இல்லாத சாவு

யூத மதத்தில் செத்தவரை நினைப்பதற்கு ஒழுங்கான முறை உண்டு. அப்பாவோ அம்மாவோ இறந்தால் பிள்ளை பதினோரு மாதம் 'கதிஷ்' என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். அது அரமேயிக் மொழியில் இருக்கும். அதில் சாவு என்ற பேச்சே கிடையாது, செத்தவர் பெயரும் வராது. முழுக்கக் கடவுளைப் போற்றுவது. அதைத் தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் கூட வேண்டும். மரபான சபைகளில் பத்து ஆண்கள். அதாவது, துக்கத்தில் இருப்பவரைத் தனியாக விடக்கூடாது என்பது அந்தச் சடங்குக்குள்ளேயே இருக்கிறது.

வருடா வருடம் இறந்த நாள் வரும்போது, எபிரேய நாட்காட்டிப்படி, 'யார்சைட்' கடைப்பிடிப்பார்கள். வீட்டில் ஒரு நாள் முழுக்க எரியும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். வருடத்தில் நான்கு பண்டிகை நாட்களில் 'யிஸ்கோர்' என்ற நினைவுப் பிரார்த்தனை உண்டு. அதில் இறந்தவரின் பெயரைச் சொல்லி நினைப்பார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பங்களில் இறந்துபோனவரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பது வழக்கம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த முறைக்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு தேதி வேண்டும், ஒரு கல்லறை வேண்டும், பத்துப் பேர் வேண்டும். நாஜிகள் இந்த நான்கையும் அழித்தார்கள். ரயிலில் ஏற்றிய நாள் தெரியும், கொன்ற நாள் தெரியாது. உடலை எரித்தார்கள், கல்லறை இல்லை. பல ஊர்களில் போருக்குப் பின் பிரார்த்தனைக்குப் பத்து யூதர்கள் மிச்சமில்லை. ஆஷ்விட்ஸில் மட்டும் சுமார் 11 லட்சம் பேரைக் கொன்றார்கள், அதில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள். வந்து இறங்கியதும் நேராக விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டவர்களுக்குக் கைதி எண்கூடக் கொடுக்கவில்லை.

மக்கள் என்ன செய்தார்கள்? வழி கண்டுபிடித்தார்கள். சிலர் வீட்டாரை ரயிலில் ஏற்றிய நாளையே நினைவு நாளாக வைத்துக்கொண்டார்கள். இஸ்ரேலின் தலைமை மதகுருமார், தேவேத் மாதம் பத்தாம் நாளைச் சாவுத் தேதி தெரியாத அனைவருக்குமான கதிஷ் நாளாக அறிவித்தார்கள். பழைய காலத்தில் ஜெருசலேம் முற்றுகையிடப்பட்டதை நினைத்து நோன்பு இருக்கும் நாள் அது. ஒவ்வொரு ஊரிலும் மிஞ்சியவர்கள் சேர்ந்து, தங்கள் ஊரின் தெரு, பள்ளி, கடை, ஆட்கள் என்று எழுதி, கடைசியில் கொல்லப்பட்டவர் பெயர்ப்பட்டியலோடு நினைவுப் புத்தகங்கள் போட்டார்கள். இப்படி நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் புத்தகம் இருக்கிறது. கல்லறை இல்லாதவர்களுக்கு அந்தப் புத்தகமே கல்லறை. ஜெருசலேமில் உள்ள யாத் வஷெம் நினைவகம், குடும்பத்தாரும் தெரிந்தவர்களும் எழுதிக்கொடுத்த சாட்சியப் படிவங்கள் வழியாகவும் ஆவணங்கள் வழியாகவும் ஏறத்தாழ 50 லட்சம் பெயர்களைச் சேர்த்திருக்கிறது. இன்னும் சுமார் 10 லட்சம் பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை. பல பத்து வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

'புதுசா என்ன இருக்கு' என்ற கேள்விக்கு முதல் பதில் இது.

175113

இனி விளாடெக் குடும்பத்துக்கு வருவோம். போலந்தின் சோஸ்னோவியெட்ஸ் நகரத்தில் வாழ்ந்த குடும்பம். 1939இல் விளாடெக் போலந்துப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகப் பிடிபடுகிறார். அங்கே தினமும் பிரார்த்தனை செய்கிறார். ஒரு நாள் கனவில் செத்துப்போன தாத்தா வந்து, 'பார்ஷாஸ் த்ரூமா' நாளில் விடுதலை ஆவாய் என்கிறார். தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாக வாசிப்பது யூத வழக்கம், அதில் ஒரு வாரத்தின் பெயர் அது. அந்த வாரம்தான் விடுதலையும் வருகிறது. பிறகு கணக்குப் பார்த்தால் அவர் கல்யாணம் நடந்ததும் அதே பகுதி வாசிக்கும் வாரம், 1948இல் மகன் ஆர்ட் பிறந்ததும் அதே வாரம்.

1944இல் ஆஷ்விட்ஸ். கையில் 175113 என்று பச்சை குத்துகிறார்கள். விளாடெக் அழுதுகொண்டிருக்கிறார். அங்கே இருந்த ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் அந்த எண்ணைப் பார்க்கிறார். 17இல் தொடங்குகிறது, அது எபிரேயத்தில் நல்ல சகுனம் என்கிறார். 13இல் முடிகிறது, யூதப் பையன் பெரியவனாகும் வயது அது. எல்லா இலக்கத்தையும் கூட்டினால் 18. எபிரேயத்தில் எழுத்துக்களே எண்களாகவும் இருப்பதால், 18 என்பது 'உயிர்' என்ற சொல்லுக்கான எண். நான் பிழைப்பேனா தெரியாது, நீ பிழைப்பாய் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதன்பின் அவரை விளாடெக் பார்க்கவே இல்லை.

இதை வாசித்தபோது எங்கள் வட்டத்தில் பெரிய விவாதம் வந்தது. நம்மில் பலர் நாத்திகர்கள். "எண்ணைக் கூட்டிப் பார்க்குறதெல்லாம் மூடநம்பிக்கை இல்லையா?" என்று ஒரு தோழி கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதே கடவுளை நம்பிய பத்து லட்சம் பேர் அதே இடத்தில் செத்தார்கள். பிழைத்ததற்குக் கடவுள் காரணம் என்றால் சாவுக்கு யார் காரணம்? இந்தக் கேள்வியை யூதர்களே இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிலர் கடவுளை விட்டுவிட்டார்கள், சிலர் கடவுளோடு சண்டை போட்டுக்கொண்டே பிரார்த்தனையைத் தொடர்ந்தார்கள். அதே முகாமில் இருந்த இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1987இல் அவர் இறந்தபோது, கல்லறையில் அவர் பெயரோடு 174517 என்ற முகாம் எண்ணையும் பொறித்தார்கள்.

எங்களுக்குப் பட்டது இது: ஒரு மனிதனை எண்ணாக மாற்றியவர்களுக்கு முன்னால், அந்த எண்ணுக்குள்ளேயே 'உயிர்' என்று வாசிக்க அந்தப் பாதிரியார் விளாடெக்குக்குக் கற்றுக்கொடுத்தார். கடவுளை ஒப்புக்கொள்ளாமலே அதன் மதிப்பை நாம் ஒப்புக்கொள்ளலாம்.

எரிந்துபோன நோட்டுகள்

அப்பாவின் நம்பிக்கை மகனுக்கு வரவில்லை. அம்மா ஆன்யாவும் முகாமில் இருந்து பிழைத்தவர். 1968இல் அமெரிக்காவில் தற்கொலை செய்துகொண்டார். இறுதிச் சடங்கில் அப்பா கதிஷ் சொல்கிறார். இருபது வயது மகன் திபெத்திய மரண நூலில் இருந்து வாசிக்கிறார். ஒரே சவப்பெட்டிக்கு முன்னால் இரண்டு பேர், இரண்டு பிரார்த்தனை. வீட்டில் அம்மா அப்பா படுக்கையறைச் சுவரில் ரிஷ்யூவின் படம் தொங்கும். போரில் செத்த முதல் பிள்ளை. முகாமுக்குப் போகவிடக்கூடாது என்று அவன் அம்மாவின் சகோதரியே விஷம் கொடுத்துக் கொன்ற பிள்ளை. பார்த்தே இராத அந்த அண்ணனோடு போட்டி போட்டே வளர்ந்தார் ஆர்ட். கதையின் கடைசியில் நோயாளி அப்பா தூக்கக் கலக்கத்தில் ஆர்ட்டை 'ரிஷ்யூ' என்று கூப்பிடுகிறார்.

ஆன்யா தன் அனுபவங்களை நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார், மகன் ஒரு நாள் படிப்பான் என்று. மகன் அந்த நோட்டுகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடைசியில் அப்பா ஒப்புக்கொள்கிறார்: மனைவி செத்த பிறகு, நினைவு தாங்க முடியாமல் எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். மகன் கத்திவிட்டு வெளியே போகிறார். முதல் பாகம் அதோடு முடிகிறது. ஆன்யாவின் வாயால் அந்தக் கதை நமக்கு இனி கிடைக்காது. நாஜிகளால் அழிக்க முடியாத ஒரு சாட்சியம், துக்கத்தால் வீட்டுக்குள்ளேயே அழிந்தது.

குறையோடு நினைப்பது

நாம் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. விளாடெக் நல்ல மனிதராக மட்டும் இந்தப் புத்தகத்தில் வரவில்லை. கஞ்சன். பாதி தின்ற சாப்பாட்டுப் பாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குகிறார். இரண்டாவது மனைவியை வதைக்கிறார். மருமகள் வழியில் நின்ற ஒரு கறுப்பின இளைஞரைக் காரில் ஏற்றினால், திருடிவிடுவான் என்று கொதிக்கிறார். நாஜிகள் யூதர்களைப் பற்றிப் பேசியது போலவே நீங்கள் பேசுகிறீர்களே என்று மருமகள் கேட்டால், இரண்டையும் ஒப்பிடவே கூடாது என்கிறார்.

ஆர்ட்டுக்கு இதை வரையப் பயம் இருந்தது. யூதன் என்றால் கஞ்சன் என்று எதிரி சொல்லும் கேலிச்சித்திரத்துக்கு நாமே படம் போட்டுக் கொடுக்கிறோமோ என்ற பயம். அதையும் புத்தகத்திலேயே சொல்கிறார். சொல்லிவிட்டு, அப்பாவை உள்ளபடியே வரைகிறார்.

தோழர்களே, இந்தப் பயம் நம் எல்லோருக்கும் தெரியும். பாதிக்கப்பட்டவர் உத்தமராக இருந்தால்தான் ஊர் நம்பும் என்று நினைக்கிறோம். ஒரு வழக்கை வெளியே கொண்டுவரும்போது அவரது குடியை, கோபத்தை, பழைய தகராறை மறைக்கப் பார்க்கிறோம். ஆனால் உத்தமராக இருந்ததற்காக யாரும் விளாடெக்கைக் காப்பாற்ற வேண்டியதில்லை. கஞ்சனையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். கொன்றவன் ஆளை எண்ணாக்கினான். நாம் சிலையாக்கினால், அந்த ஆள் இரண்டாவது முறையும் காணாமல் போகிறார். துன்பப்பட்டவன் தானாகவே நீதிமான் ஆகிவிடுவதில்லை என்பதையும் விளாடெக் நமக்குக் காட்டிவிடுகிறார். தான் பட்டதை வைத்து அடுத்தவன் படுவதைப் புரிந்துகொள்வது தனியாகச் செய்ய வேண்டிய வேலை.

"இன்னைக்கு காஸாவுல நடக்குறத பாத்துட்டு இத எப்படி வாசிக்கிறது?" என்று கடைசி நாளில் ஒருவர் கேட்டார். எங்கள் நிலை இது: காஸாவில் இஸ்ரேல் அரசு செய்வதை எதிர்க்கிறோம். அதற்காக விளாடெக்கின் குடும்பம் பட்டதைச் சிறிதாக்க மாட்டோம். ஒரு அரசு தன் செயலுக்கு நியாயம் தேட நினைவைப் பயன்படுத்தினால், தவறு அரசின் மேல்தான், செத்தவர்கள் மேல் இல்லை. ஆர்ட் ஸ்பீகல்மேனே 2025இல் ஜோ சாக்கோவோடு சேர்ந்து காஸாவைப் பற்றிப் படக்கதை வரைந்தார். அப்பாவிடம் இருந்து வாங்கிய நினைவை மகன் எங்கே கொண்டுபோனார் என்று பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று, ஹிட்லரை நகைச்சுவையாக்குவதை நிறுத்துவோம். கண்டிப்பான ஆசிரியரை ஹிட்லர் என்கிறோம். நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சிகளில் 'எனது போராட்டம்' ஏதோ தன்னம்பிக்கை நூல் போல விற்கிறது, நம்மில் சிலர் வாங்கியும் இருக்கிறோம். 15 லட்சம் குழந்தைகள் சாகக் காரணமானவன் நிர்வாகத் திறமைக்கு உதாரணம் இல்லை.

இரண்டு, எண்ணிக்கை சொல்லும்போது ஒரு பெயரையாவது சேர்த்துச் சொல்வோம். கூட்டத்தில் பேசினாலும் அறிக்கை எழுதினாலும்.

மூன்று, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். ஆர்ட் பல வருடம் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்தார். 1982இல் அப்பா இறந்துவிட்டார். அம்மாவிடம் உட்கார அவருக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. உங்கள் கையில் போன் இருக்கிறது. பாட்டி சொல்லும் பெயர்களை, ஊரை, வருடத்தைப் பதிவு செய்யுங்கள். சாமி பற்றிச் சொன்னால் வெட்டாதீர்கள், உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும். கேட்கக் கூச்சமாக இருப்பதைச் சொன்னாலும் வெட்டாதீர்கள். பழைய நோட்டு, கடிதம், போட்டோ ஏதாவது இருந்தால் இன்றே படம் எடுத்து வையுங்கள்.

அடுத்த வட்டத்துக்கு வரும்போது எல்லோரும் ஒரு பெயரோடு வாருங்கள். அந்த ஆளைப் பற்றி நல்லது ஒன்று, கெட்டது ஒன்று. இரண்டும் வேண்டும்.