டைரக்டரியில் நம் பாட்டன் இல்லை

போன தை மாதம் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஜோசியர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "முதல்ல குலதெய்வத்துக்குப் பொங்கல் வெச்சிட்டு வாங்க, மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் சிக்கலே அதுதான். குலதெய்வம் எந்த ஊரில் என்று யாருக்கும் தெரியாது. தாத்தாவின் அப்பா எந்த ஊரில் பிறந்தார் என்று தெரிந்தால் கோயில் தெரிந்துவிடும். தியாகதுருகம் பக்கம் என்பார் என் அப்பா. இல்லை, கச்சிராயபாளையம் பக்கம் மலையடிவாரம் என்பார் பெரியப்பா. கடைசிவரை இருவரும் ஒத்துப்போகவில்லை. இப்போது இருவருமே இல்லை.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பேரன் சொன்னான்: "தாத்தா, என்கூட வேலை செய்யற வெள்ளைக்காரர் ஒருத்தர், அவங்க கொள்ளுத்தாத்தா லண்டன்ல எந்தத் தெருவுல, எத்தனாம் நம்பர் வீட்ல இருந்தார்னு பழைய டைரக்டரிய வெச்சே கண்டுபிடிச்சிட்டார். நமக்கும் அப்படி ஏதாவது இருக்கும். நான் தேடறேன்."

முப்பத்தெட்டு வருஷம் தபால் இலாகாவில் விலாசத்தோடு மாரடித்தவன் நான். டைரக்டரி என்றதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. லண்டன் டைரக்டரியைப் பெரிதாக வளர்த்த கெல்லி என்பவரே தபால் இலாகாவில் கடிதம் கொண்டு போகிறவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர்தான். தெருத்தெருவாகப் போகிற தபால்காரர்களைக் கொண்டே விவரம் சேர்த்தார்கள்.

பேரன் இரண்டு நாள் தேடி, சென்னை மாகாணத்துப் பழைய டைரக்டரி ஒன்றை இணையத்தில் பிடித்துவிட்டான். மவுண்ட் ரோட்டில் இருந்த லாரன்ஸ் அசைலம் அச்சகம் வருஷாவருஷம் போட்டுக்கொண்டிருந்த தடித்தடிப் புத்தகம். இருவரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். சென்னைப் பட்டணத்தின் பெரிய தெருக்கள் இருந்தன. துரைமார்கள், கம்பெனிகள், வக்கீல்கள் எல்லோரும் இருந்தார்கள். மாவட்டங்கள் பக்கம் வந்தால் கலெக்டர், ஜட்ஜ், பாதிரியார், என்ஜினீயர் என்று உத்தியோகஸ்தர் பெயர்கள். தென்னாற்காடு ஜில்லாவும் இருந்தது. கள்ளக்குறிச்சியில் தெருவும் இல்லை, வீடும் இல்லை, என் தாத்தாவின் அப்பாவும் இல்லை.

பேரன் சலித்துக்கொண்டான். "நம்ம ஆளுங்களுக்கு எதையும் எழுதி வைக்கிற பழக்கமே இல்ல தாத்தா. வெள்ளைக்காரன் எழுதி வெச்சான், நாம கோட்டை விட்டுட்டோம்."

எனக்குச் சுருக்கென்றது. இதை அவன் மட்டுமா சொல்கிறான்? மேடையில் பேசுகிறவர்களும் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பிலும் வருகிறது. நம் வயதுக்காரர்களும் தலையாட்டுகிறோம். இது தப்பு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், டைரக்டரி யாருக்காகப் போடப்பட்டது? கடைக்காரர், கம்பெனிக்காரர், உத்தியோகஸ்தர் ஒருவரை ஒருவர் தேடிப் பிடிப்பதற்காக. காசு கொடுத்து வாங்குகிறவர்களும் அவர்கள்தான், அதில் பெயர் வருகிறவர்களும் அவர்கள்தான். லண்டனிலேயே ஒரே வீட்டில் அறை அறையாகக் குடியிருந்த ஏழைக் கூலிக்காரர்களில் பெரும்பாலோர் பெயர் டைரக்டரியில் வராது. கள்ளக்குறிச்சியில் ஏர் ஓட்டியவனைத் தேடி மவுண்ட் ரோட்டு வியாபாரி வரப்போவதில்லை. அதனால் எழுதவில்லை. எழுதுகிறவன் தனக்கு எது வேண்டுமோ அதை எழுதினான். இதில் நம் பழக்கத்தின் குற்றம் எங்கே வந்தது?

இதைவிடச் சுடுகிற உதாரணம் ஒன்று உண்டு. 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல். நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை சுமார் 1,52,000 பேர் அப்படிப் போனார்கள். பெரும்பகுதியினர் நம் சென்னை மாகாணத்தார். அந்தக் கப்பல்களின் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். தென்னாற்காடு ஜில்லா என்று எழுதப்பட்டவர்களும் அதில் உண்டு. அவர்களுடைய பேரன் பேத்திகள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இங்கே ஊர் தேடி வருகிறார்கள். மொரீஷியஸிலும் இப்படியே. அங்கே மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

கூலியாகக் கடல் கடந்தவனுக்கு ஊர் எழுதி வைத்தார்கள். ஊரிலேயே இருந்தவனுக்கு இல்லை. அது அன்பினாலா? ஓடிப்போனால் பிடித்து வர அடையாளம் வேண்டும், அவ்வளவுதான். ஆக, காகிதம் இருப்பதும் இல்லாததும் நம் பாட்டனின் அறிவையோ சோம்பலையோ காட்டுவதில்லை. ஆண்டவனுக்கு அவனிடம் என்ன வேலை இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது.

சரி, நம் ஆட்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது எதுவுமே இல்லையா? உண்டு. அது உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம். பழைய பத்திரம்தான் அது.

எங்கள் வீட்டிலும் தகரப்பெட்டியில் ஒரு கட்டு கிடந்தது. பாகப்பிரிவினை, அடமானம், கிரயம் என்று பழைய முத்திரைத்தாள்கள். எதற்கும் உதவாது என்று அதைத் தூக்கிப் போடவிருந்தோம். பேரனும் நானும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் தாத்தா வாலிபத்தில் ஒரு மனைக்கட்டு வாங்கிய கிரயப் பத்திரம் கிடைத்தது. ஜில்லா, தாலூகா, கிராமம், இன்னார் குமாரர் இன்னார், ஜீவனம் விவசாயம் என்று வரிசையாக இருந்தது. கீழே செக்குபந்தி. யார் வீட்டுக்குத் தெற்கு, யார் தோட்டத்துக்கு மேற்கு, எந்தத் தெருவுக்கு வடக்கு என்று நாலு பக்கமும் ஆள் பெயர். வாங்கியவர் பெயருக்கு முன்னால், பரிகம் கிராமத்திலிருந்து வந்து குடியிருப்பவர் என்று கண்டிருந்தது. பெரியப்பா சொன்ன மலையடிவாரம்தான். அப்பா தோற்றார்!

பரிகத்துக்குப் போனோம். ஒரு வயசான அம்மா, என் தாத்தா பெயரைச் சொன்னதும், "கீழே எறங்கிப் போன வீட்டுக்காரங்களா? வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கோயிலையும் காட்டினார். பொங்கல் வைத்துவிட்டு வந்தோம்.

பேரனிடம் சொன்னேன், "பாத்தியாடா, இதுதான் நம்ம டைரக்டரி." நாலைந்து பத்திரத்தைச் சேர்த்து வைத்தால் ஒரு தெருவே எழுந்து நிற்கும். ஒருவர் பத்திரத்தில் உரிமையாளராக இருப்பவர் அடுத்தவர் பத்திரத்தில் எல்லையாக இருப்பார். லண்டன் டைரக்டரியில்கூடப் பக்கத்து வீட்டுக்காரனின் தகப்பன் பெயர் இருக்காது. வீட்டில் பத்திரம் இல்லாதவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் கேட்கலாம். 1975-க்குப் பிந்தைய வில்லங்க விவரம் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கு நேரில் போய்த் தேட வேண்டும். வாக்காளர் பட்டியலும் உதவும். 2025 கடைசியில் எல்லோரும் 2002, 2005 பட்டியலில் அப்பா அம்மா பெயரைத் தேடிக்கொண்டு திரிந்தோமே, மறந்திருக்காது.

இத்தோடு முடித்திருந்தால் இது ஒரு சந்தோஷக் கதை. ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், கல்வராயன் மலைக்காரர். தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையில் ஊர் ஊராக நடந்தவர். கதவு எண்ணும் தெருப் பெயரும் இல்லாத கடிதத்தை வாங்கி, பெயரை ஒருமுறை படித்துவிட்டு, சரியான குடிசையில் கொண்டுபோய்க் கொடுப்பார். அவருடைய மகன் பிழைப்புக்குக் கோயம்புத்தூர் போய் அங்கேயே தங்கிவிட்டார். பேரன் அங்கே படித்தான். காலேஜில் சேர ஜாதிச் சான்றிதழ் வேண்டும்.

மலையாளி என்ற அந்த மலைச் சமூகம் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பழைய தென்னாற்காடு, வட ஆற்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு மட்டும். கோயம்புத்தூர் அதில் இல்லை. ஆகவே பூர்வீகம் மலைதான் என்று காட்ட வேண்டும். ஓர் அலுவலகத்தில் கேட்டார்களாம்: "உங்க தாத்தா, அவங்க அப்பா எல்லாம் அந்த ஊர்ல பொறந்ததுக்கு என்ன ஆதாரம்? பட்டா இருக்கா, பத்திரம் இருக்கா?"

என் நண்பர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "சார், நான் முப்பது வருஷம் மத்தவங்க விலாசத்தைத் தேடிக் குடுத்தேன். இப்ப எங்கப்பன் விலாசத்தை எங்க போயி தேடுவேன்?" என்றார்.

அவர் எங்கே தேடுவார்? கல்வராயன் மலை தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர். 1976-ல்தான் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. நாடு விடுதலையாகி 29 வருஷம் கழித்து! அதுவரை மண் ஜாகீர்தாருடையது. உழைத்தவன் பெயரில் பட்டா ஏது? பட்டா இல்லாதவன் எதை விற்றுப் பத்திரம் எழுதுவான்? எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றிய செக்குபந்தி அவர் குடும்பத்துக்கு எழுதப்படவே இல்லை. டைரக்டரி எப்படி எங்களை விட்டுவிட்டதோ, அதேபோலப் பத்திரம் அவர்களை விட்டுவிட்டது.

தான் எழுதாத காகிதத்தை, எழுதப்படாதவனிடமே கேட்பது என்ன நியாயம்?

போலிச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். தெரியும். விசாரிக்கட்டும், நன்றாக விசாரிக்கட்டும். ஆனால் விசாரணை என்றால் காகிதம் கேட்பது மட்டும்தானா? மலைக்கு ஆள் அனுப்பி, பங்காளிகள் யார், பெண் கொடுத்து எடுத்தது எந்த ஊரில், குலதெய்வம் எது, திருவிழாவில் இவர்கள் வீட்டுக்கு என்ன முறை என்று பெரியவர்கள் நாலு பேரிடம் கேட்டால் அரை நாளில் தெரிந்துவிடும். போலியாக வருகிறவன் முத்திரைத்தாளை எங்காவது தயார் செய்து விடுவான். ஒரு மலைக் கிராமத்தின் பங்காளி முறையை அவனால் தயார் செய்ய முடியாது. பரிகத்தில் என் கையைப் பிடித்த அந்த அம்மாவிடம் காகிதம் ஏதும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னதை நான் எந்தப் பத்திரத்தையும்விட அதிகமாக நம்புகிறேன்.

வாய்ச்சொல்லும் நிலைக்காது என்பது உண்மைதான். என் அப்பாவே தப்பாகத்தான் சொன்னார். ஆகவே இருக்கிற பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். அரசு எழுதட்டும். அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை.

நம் வட்டாரத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தென்னாற்காடாக இருந்தபோது கடலூர் தலைநகரம். 1993-ல் விழுப்புரம் பிரிந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. நல்லதுதான், அலைச்சல் குறைந்தது. ஆனால் நம் பழைய கணக்குகள் மூன்று ஊரிலும் சிதறிக் கிடக்கின்றன. 1980-ல் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தபோது, பரம்பரை அதிகாரம் போனது சரியே. ஆனால் கணக்குக் கட்டுகள் எல்லாம் ஒழுங்காகக் கைமாறவில்லை. ஒரு வீட்டுப் பரணில் கரையான் அரித்துக் கிடந்த கட்டை நானே பார்த்திருக்கிறேன். எத்தனை வீட்டின் பாட்டன்மார் அதில் போனார்களோ!

அதனால் நம் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். பழைய பத்திரத்தைப் பழைய பேப்பர்காரனிடம் போடாதீர்கள். பேரப்பிள்ளையை விட்டுப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டு வாங்கி, அப்பா, தாத்தா, அவர் அப்பா, ஆத்தா வந்த ஊர், குலதெய்வம், பங்காளிகள், தெருவில் யாருக்கு அடுத்து யார் வீடு என்று எழுதி வையுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும்.

மலை நண்பரும் நானும் இப்போது அதைத்தான் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அவர் நடந்த ஊர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லுவார், வீடு வீடாக, யார் மகன் யார் என்று. நான் எழுதுகிறேன். இதுவரை நாலு ஊர் முடிந்திருக்கிறது. பையனின் சான்றிதழ் இன்னும் வரவில்லை. அடுத்த விசாரணைக்கு இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போகிறேன்.